ஐந்தாம் வரிசையில் ஒன்று குறைந்தது

4 அக்டோபர் 2004, திங்கள்
வேன் இன்றும் தாமதம். ஏழாயிரம்பண்ணையில் இறங்கும்போது எட்டேகால். தீபாவளி சீசன், முதலாளி சண்முகவேல் கேட்டிலேயே நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கட்டைக்காலோடு வருகிற ஃபோர்மேனை என்ன சொல்வார்?

பட்டாசு மருந்து அறையில் ஒரு பெண்ணின் மடியில் இரும்புக் கத்தி. வாங்கி வெளியே போட்டேன். இங்கே இரும்பு ஆகாது, உரசினால் தீப்பொறி. பித்தளையும் மரமும்தான். சத்தம் போட்டுவிட்டேன். பாவம், காய் நறுக்கக் கொண்டுவந்திருக்கிறாள்.

10 அக்டோபர், ஞாயிறு
விருதுநகரிலிருந்து கீர்த்திகா என்று ஒரு கல்லூரி ஆசிரியை வீட்டுக்கு வந்தார். அரசியல் பாடம் நடத்துகிறவர். அடுத்த மாதக் கடைசியில் நைரோபியில் கண்ணிவெடித் தடை மாநாடாம். அதையொட்டி இங்கே ஒரு கருத்தரங்கம். நான் பேச வேண்டுமாம்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது: ஒப்பந்தங்கள் இரண்டு. ஒன்று, கண்ணிவெடியே கூடாது என்பது. அதில் இந்தியா கையெழுத்திடவில்லை. நீண்ட எல்லை, வேறு வழியில்லை என்பது கொள்கை. இன்னொன்றில் இருக்கிறோம். வைக்கலாம், ஆனால் கண்ணி தேடும் கருவிக்குத் தெரிய எட்டு கிராம் இரும்பாவது இருக்க வேண்டும். வேலி, வரைபடம் வேண்டும். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"நீங்க பட்டாளத்துல கால் குடுத்தவரு சார். நீங்க சொன்னா நாலு பேர் கேப்பாக," என்றார்.

காலை நான் கொடுக்கவில்லை. போயிற்று. என் கருவி அன்று சத்தம் போடவில்லை. போட்டு, காற்றில் எனக்குக் கேட்காமலும் இருந்திருக்கலாம்.

அவர் போனதும் வீட்டுக்காரி பொன்மணி கேட்டாள்: "போறீகளா?"
"பாப்போம்."

11 அக்டோபர்
போகமாட்டேன்.

25 அக்டோபர், திங்கள்
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

2002 ஜனவரி. ராஜஸ்தான் எல்லையில் ஒரு கடுகு வயல். போர் வரும் என்று கண்ணி வைத்தோம். ஐந்தாம் வரிசை என்னுடையது. நாற்பத்தெட்டு. வரைபடமும் நான்தான் போட்டேன். போர் வரவில்லை. விதைப்புக்கு நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நவம்பரில் எடுத்தோம். நாற்பத்தேழுதான் கிடைத்தது.

இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் அடுத்த வயலுக்குப் போக உத்தரவு. வைக்கும்போதே எண்ணிக்கை தவறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'முழுதும் எடுக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள், அந்த அடுத்த வயலில், என் கால்.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்தால் மாலை, மேளம். கால் போனவனைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

ரெண்டு வருசமா அந்த வயல்ல எவனோ ஏர் ஓட்டிக்கிட்டுத்தான இருக்கான்? டிராக்டரா, மாடா? பிள்ளைகள் கடுகு பறிக்க வருமா?

அலுப்பாக இருக்கிறது. கால் அல்ல. இதைச் சுமப்பதுதான்.

14 நவம்பர், ஞாயிறு
செழியன் லீவில் வந்திருக்கிறான். பக்கத்து ஆனைக்குட்டத்துக்காரன், பட்டாளத்தில் என்னோடு அதே பிரிவில் இருந்தவன், இன்னும் அங்கேதான். நான் விழுந்தபோது என்னைத் தோளில் தூக்கி வந்தவன்.

கருத்தரங்கம் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, ஏசி ரூம்ல உக்காந்து தடை செய்யின்னு சொல்லிருவாக. அம்புட்டு தூரத்துக்கு ஆள் நிறுத்த முடியுமா? கண்ணிய எடுத்துட்டா அங்கன நிக்கிறது நாந்தான், அவுக இல்ல."

அவன் சொல்வதும் உண்மை. கீர்த்திகா சொல்வதும் உண்மை. நான் ஒருவன்தான் பொய்.

"நீயும் வாலே," என்றேன். அப்போதுதான் நான் போகப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

20 நவம்பர், சனி
விருதுநகர். மிளகாய் வத்தல் நெடி மண்டபம் வரைக்கும் வந்தது. நூறு மாணவர்கள் இருப்பார்கள். செழியன் கடைசி வரிசையில்.

எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் பேசினார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். "மாற்று ஆயுதம் வரும்வரை முழுத் தடையை நாம் ஏற்க முடியாது. ஆனால் பொறுப்போடு செய்கிறோம். வரைபடம் போடுகிறோம். எண்ணி வைக்கிறோம், எண்ணி எடுத்துவிடுகிறோம்" என்றார். கைதட்டினார்கள்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவேயில்லை.

"ஐயா சொன்னது சரி. எண்ணித்தான் எடுத்தோம். ஒண்ணு குறைஞ்சுச்சு. குறையலைன்னு கையெழுத்துப் போட்டது நான். ஒப்பந்தத்துல என்ன எழுதினாலும் கடைசியில வயல்ல என்னை மாதிரி ஒருத்தன்தான் நிப்பான். அவன் அசந்துபோயிருப்பான். சட்டம் போடுறவுக அதையும் யோசிக்கணும்."

அவ்வளவுதான் பேசினேன். கைதட்டல் இல்லை. கர்னல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "எந்தப் பகுதி?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பஸ்ஸில் செழியன் என் பக்கத்தில் உட்காரவில்லை. சிவகாசியில் இறங்கும்போது வந்து நின்றான். "உங்களத் தூக்கிட்டு வரும்போதாவது சொல்லிருக்கலாம்லண்ணே," என்றான். போய்விட்டான்.

21 நவம்பர்
பொன்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பிடவில்லை.

23 நவம்பர், செவ்வாய்
பேப்பரில் வந்துவிட்டதாம். முதலாளி கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இங்கனயும் இப்படி எதுலயாச்சும் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீகளா?"
"இல்ல, மொதலாளி."
மேசைமேல் இருந்த இருப்புப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, போங்க."

இனி என் கையெழுத்தை அவர் இரண்டு முறை பார்ப்பார். பார்க்கட்டும்.

27 நவம்பர், சனி
செழியன் நாளை ரயில் ஏறுகிறான். வாசலோடு நின்றான். காப்பி வேண்டாம் என்றான்.

"வரைபடம் ஞாவகம் இருக்கா? போட்டுக் குடுங்க. ஆபீசர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

போட்டேன். வாய்க்கால், கருவேல மரம், அங்கிருந்து காலடிகள். இரண்டு வருடமாகத் தினமும் மனதில் போட்ட படம்தானே.

4 டிசம்பர், சனி
நைரோபி மாநாடு நேற்று முடிந்ததாம். பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி. இந்தியா பார்வையாளராகப் போயிருந்தது, கையெழுத்து இல்லை. கீர்த்திகா போன் செய்தார். சோர்ந்திருந்தார்.

15 டிசம்பர், புதன்
கம்பெனி ஆபீசுக்குச் செழியன் போன்.

"ஆறு நாள் தேடினோம்ணே. கிடைக்கல. மண்ணு இடம் மாறிக் கிடக்கு. வேலி போட்டாச்சு, போர்டு வச்சாச்சு. கோடையில திரும்பத் தேடுவாக. உங்களையும் விசாரிக்கக் கூப்பிடுவாக."

"வருவேன்."

"நிலத்துக்காரரு பெரியவரு. விதைச்ச கடுகு வேலிக்குள்ள போயிருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு இத யாரு வந்து சொன்னதுன்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

"வச்சவனே சொன்னான்னு சொல்லு. உக்கிரபாண்டின்னு பேரச் சொல்லு. ஊரையும் சொல்லு."