கள்ளக் காற்று

மார்ச் 3, ஞாயிறு

நேற்றைய சண்டைக்குப் பிறகு நான் போட்ட ஒப்பந்தம்: இந்த வீட்டில் இனி யாரும் 'மூடி' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. நாட்குறிப்பில் எழுதலாம், தப்பில்லை.

இவர் எதைத் திறந்தாலும் மூடமாட்டார். பற்பசை, ஜாம் பாட்டில், பேனா. கல்யாணமான நாளிலிருந்து நான் பின்னாலேயே போய் மூடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. கத்தித் தீர்த்தேன். "மூடி மூடின்னு என் உயிர வாங்காத" என்றார். சரி, இனி வாங்கவில்லை.

காலையில் காரில் என்ஜின் ஆயில் குறைந்திருந்தது. "நான் ஊத்தறேனே" என்று வந்தார். இவரா? ஐயோ வேண்டாம்! "எனக்கும் பழகட்டுமே" என்று நானே ஊற்றினேன். பாதியில் நாத்தனார் போன். புது வீட்டுக்குத் திரைச்சீலை பச்சையா நீலமா என்று ஒரு பாரதம். பேசிக்கொண்டே கைக்குட்டையில் விரலைத் துடைத்து, பானட்டைச் சாத்திவிட்டு வந்தேன். புடவையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. கெட்டிக்காரிதான் நான்.

மார்ச் 5, செவ்வாய்

சிக்னலில் நின்றால் கார் நடுங்குகிறது. குளிர்ஜுரம் வந்த மாதிரி. நகர்ந்தால் சரியாகிவிடுகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு வேறு. என்ன படம் அது? குழாயா, ஹெலிகாப்டரா?

"ஆமை" என்றார் இவர், எட்டிப் பார்த்துவிட்டு. "நீ கிளட்ச்ச மிதிக்கிற மிதியில எந்த வண்டிதான் நடுங்காது?"

லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் தினமும் ஆபீஸ் வாசலில் இவர் வருகிற வரைக்கும் நிற்பேன். வாட்ச்மேன் எனக்கென்று ஒரு நாற்காலியே போட்டு வைத்திருந்தார். அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகமாட்டேன். மாட்டவே மாட்டேன்.

மார்ச் 6, புதன்

கொழுந்தனார் வந்தார். தெரியாத விஷயமே கிடையாது அவருக்கு. பானட்டைத் திறக்கவே இல்லை. சைலன்சர் பக்கம் குனிந்து முகர்ந்தார்.

"புகைய வடிகட்டற டப்பா போச்சு அண்ணி. புதுசு போடறதும் வண்டிய விக்கறதும் ஒண்ணுதான். எனக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒருத்தர் இருக்கார்."

இவர் தலையாட்டினார்! புகைச் சான்றிதழ் வேறு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. அது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. சோதனையில் தேறாவிட்டால் விற்றுவிடலாமாம். "பழையபடி நானே கொண்டு விட்டுக் கூட்டிட்டு வரேன், உனக்கும் அலைச்சல் மிச்சம்." பெரிய மனசு!

மார்ச் 9, சனி

விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு புகைச் சோதனைக்குப் போனேன். சோதனை செய்கிறவர் உட்கார்ந்ததும் நேராக அதைத்தான் உரித்தார். "இன்னிக்கு நீங்க நாலாவது ஆளு மேடம்" என்றார். அது என்ஜின் கோளாறு விளக்காம், எரிந்தால் சோதனையே கிடையாதாம். அவமானம். போகும்போது டேப்பை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மார்ச் 11, திங்கள்

காரை மெக்கானிக்கிடம் விட்டேன். வாய் ஓயாத மனுஷன். ஒரு கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. எங்கேயோ கள்ளக் காத்து உள்ள போகுது" என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ரப்பர் குழாய்களில் எதையோ பீய்ச்சினார். எதுவும் அகப்படவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னேன். "கள்ளக் காத்தா? நம்ம குடும்பத்து வண்டியிலயா?" என்றார் இவர். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

இவரே போய்க் காரை எடுத்து வந்தார். நடுக்கம் இல்லை, விளக்கும் இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அந்த... எண்ணெய் ஊத்தற எடத்துல... இது இருக்கே..." ஒப்பந்தம் நினைவிருக்கிறது, பாவம்! சொல்லை விழுங்கிவிட்டுக் கையைக் காற்றில் திருகிக் காட்டினார். "திருகாம சும்மா மேல வச்சிருக்கு. காத்து உள்ள போனது அது வழியாத்தானாம். நான்தான் எப்பவோ தெறந்து பாத்திருப்பேன். மன்னிச்சுக்கோ."

மன்னிச்சுக்கோ! இவர் வாயிலிருந்து! ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார். பச்சையா நீலமா.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூடியைப் பற்றிப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் நான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

மார்ச் 13, புதன்

சான்றிதழ் கிடைத்துவிட்டது. வீட்டில் இவர் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவைக்கிறார். பற்பசையைத் திறக்க இன்று இடுக்கி தேவைப்பட்டது.

மார்ச் 16, சனி

கொழுந்தனார் அந்தப் பார்ட்டியைப் பற்றிப் பேச வந்தார். "வண்டி விக்கறதா இல்லடா. அவ ஓட்டறதுல ஒரு குறையும் இல்ல, கோளாறு என் கையிலதான்" என்றார் இவர். தம்பியிடம் தோற்றுப்போவது இவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தாங்கவில்லை. கொழுந்தனார் போனதும் இவரிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன்: நான்தாங்க, நான்தான் திருகாம விட்டேன்.

"தெரியும்" என்றார். அலமாரியிலிருந்து என் மஞ்சள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறியிருந்தது. மெக்கானிக் அதை என்ஜின் பக்கத்திலிருந்து எடுத்தாராம்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

மார்ச் 18, திங்கள்

இவருடைய ஸ்கூட்டர் சர்வீசில் இருக்கிறது. ஆபீசுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். சிக்னலில் தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை அப்படியே சீட்டில் வைத்தார். பச்சை விழுந்து கிளம்பினேன். பாட்டில் சாய்ந்து என் புடவை முழுக்க ஈரம். இரண்டு பேரும் அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை.