ஒன்றும் வரவில்லை

அன்பு மனைவிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இருப்பது நேற்று போனில் உன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. தினமும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது காகிதத்தில் எதற்கு ஒரு கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறதே, அதுதான் காரணம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு முன் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

குட்டிக்குக் கீழ்வரிசையில் இன்னொரு பல் விழுந்துவிட்டது. நேற்று உன்னிடம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாளே, அதனால்தான். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் அதோடு மல்லுக்கட்டினேன். பிளம்பர் வந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். என் சமையலை உன் மகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். அது பாசமா பசியா என்று நான் விசாரிக்கவில்லை.

பள்ளியில் அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார்களாம். "எங்கம்மா மெஷினுக்கெல்லாம் மரியாதை கத்துக்குடுக்கறதுக்குப் படிக்கறாங்க. எங்கப்பா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய டீச்சர் வாசலில் என்னை நிறுத்தி இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆபீசிலும் இதே கதைதான். மேனேஜர் போன வாரம் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "பெரிய மனசுய்யா உனக்கு. பொண்டாட்டியைப் படிக்க அனுப்பிட்டுத் தனியாப் பிள்ளையைப் பாத்துக்கறே. எத்தனை ஆம்பளைக்கு வரும்?" என்றார். கீழ்வீட்டு டெய்லரும் அடிக்கடி சொல்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல அந்தப் பாராட்டையெல்லாம் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். எனக்குப் பெரிய மனசு இல்லை. எனக்கு இருப்பது பொறாமை. நீ விமானம் ஏறுவதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது.

அந்தப் படிப்பு என் ஆசை. மனித-கணினி ஊடாட்டம் என்ற பெயரையே உனக்கு நான்தான் சொன்னேன். கல்யாணமான புதிதில், "ஊடலா? அதுக்குக்கூடவா காலேஜ் வெச்சிருக்காங்க?" என்று கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆறு வருடம் அதை நெஞ்சில் சுமந்தேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து வந்து, வார்டில் இருக்கும் மெஷின்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாய். ஒருநாள் நான்தான் சொன்னேன், "இதையெல்லாம் எழுதினா நீயும் அப்ளை பண்ணலாம்" என்று. நீ என்னைத் தாண்டிப் போவாய் என்ற நினைப்பே அன்று எனக்கு இல்லை. அதனால்தான் அவ்வளவு தாராளமாக வாயைத் திறந்தேன்.

விண்ணப்பத்தோடு அனுப்ப நான் தயார் செய்த தொகுப்பு அறுபது பக்கம். அதில் நான் வடிவமைத்த ஒவ்வொரு கம்ப்யூட்டர் திரையும் கண்ணாடிபோல இருக்கும். நீ என்ன வைத்திருந்தாய்? போனில் எடுத்த நாற்பத்தொரு படம். வார்டு மெஷின்களில் சிஸ்டர்கள் ஒட்டி வைத்திருந்த பிளாஸ்திரித் துண்டுகள். மருந்து ஏற்றும் பம்பில் கைதவறிப் பட்டுவிடக் கூடாதென்று ஒரு பொத்தானை மூடி ஒட்டியது. "ரெண்டு தரம் அழுத்து" என்று பேனாவால் எழுதியது. மானிட்டர் ஓரத்தில், "ஸ்க்ரீனை நம்பாதே, ஆளைப் பார்." ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதை யார் ஒட்டினார்கள், என்ன நடந்ததால் ஒட்டினார்கள் என்று இரண்டு வரி.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பத்தாவது படம் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அறுபது பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. உன் படங்களில் மனிதர்களைத் தவிர வேறெதுவும் இல்லை. தெரிந்தும் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இதைப் போடாதே. சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு. அவங்க டிசைன்தான் கேப்பாங்க, குறை கேக்க மாட்டாங்க" என்றேன். உன் நன்மைக்குச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். நீ, "என்கிட்ட வேற என்னங்க இருக்கு? போனாப் போகுது, இதையே அனுப்பறேன்" என்றாய். இது முதல் குற்றம்.

இனி போன வாரக் கதை. உன் ஆராய்ச்சிக்காக உன் பழைய வார்டில் மூன்று நாள் உட்கார்ந்து, மெஷின் கத்தும்போது சிஸ்டர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துத் தரச் சொன்னாய். அனுமதியெல்லாம் நீயே அங்கிருந்து வாங்கிவிட்டாய். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மருந்து வைக்கும் அறைக்கும் ஆறாம் எண் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும், "நம்ம சிஸ்டரோட வீட்டுக்காரரா?" என்று கேட்டார்கள். துடைக்க வந்த ஆயாகூட உன்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நான் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் இடத்தில் ஒருவராவது என்னைப் பற்றி இப்படிப் பேசுவார்களா என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். டீ கொண்டுவருகிறவர் ஒருவேளை பேசலாம்.

மூன்றாம் நாள் மதியம் பெரிய சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். உன் படிப்பைப் பற்றிக் கேட்டார். அப்புறம் பேச்சுவாக்கில், "இப்ப சிரிச்சுப் பேசறோம். அந்த ரெண்டு நாளும் இவ இங்க பட்ட பாடு இருக்கே! ஒரு வாய் சாப்பிடலை. கேட்டா, மெயில் வந்திருக்கு, அவரும் பாத்துட்டாரு, ஆனா எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாருன்னு சொல்லி அப்படியே உக்காந்திருப்பா" என்றார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, நீங்க அப்பவே பேசித் தீத்திருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்" என்று சொல்லி, எழுந்து போய் எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்தார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. நீ அறிந்ததுதான். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை.

எனக்கு இடமில்லை என்ற பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க" என்றாய். அடுத்த வாரம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு உனக்கு அதே இடத்திலிருந்து மெயில் வந்தது. நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ டூட்டியில் இருந்தாய், நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்துக்கென்று உனக்கு அந்த மெயில் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவன் நான். வீட்டுக் கம்ப்யூட்டரில் தவிர வேறெங்கும் நீ அதைப் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். ஒருமுறை படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை, உண்மையிலேயே எரிந்தது.

சாயங்காலம் நீ வந்தாய். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏதாவது வந்துதா?" என்று கேட்டாய். "ஒண்ணும் வரலை" என்றேன். வியாழக்கிழமையும் கேட்டாய். வியாழக்கிழமையும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில், குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த உன்னிடம், அப்போதுதான் பார்த்ததுபோல ஓடிவந்து சொன்னேன். நீ சீப்பைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் உட்கார்ந்து நாலு பத்தியில் நல்ல பதிலாக எழுதி, "உன் பேர்ல நானே அனுப்பிடறேன்" என்று அனுப்பினேன். ஒரு பாவத்தைச் செய்துவிட்டு அதற்கு அலங்காரமும் செய்தேன்.

பெரிய சிஸ்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய மெயில் கணக்கைத் திறந்து பார்த்தேன். அனுப்பியவற்றை அன்று நான் பார்க்கவேயில்லை; அதில் இரண்டு பதில் இருக்கிறது. என்னுடைய நாலு பத்திக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை மதியம் ஒன்றே கால் மணிக்கு, இரண்டே வரியில் உன்னுடையது. ஒரு எழுத்துப்பிழைகூட இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் போனிலேயே எழுதியிருக்கிறாய். நான் ஏற்கெனவே திறந்து படித்த மெயில் என்பதும் அதில் உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே நீ கேட்டபோது, உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உன் வாய்ப்புப் போகாது என்பதும் தெரியும். எனக்காகத்தான் கேட்டாய். நான் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். வெள்ளிக்கிழமை நீ அழுதது நேர்காணலுக்கு அழைத்ததற்காக இல்லை என்பது ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அதற்கப்புறமும் ஒரு நாள், ஒரு கோபத்தில்கூட, நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. விமான நிலையத்தில் சொல்லவில்லை. சென்ற மாதம் நான் காரணமே இல்லாமல் உன்மேல் எரிந்து விழுந்தேனே, அன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கோபிக்காதே: இதை அறிந்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்ற பொறாமைதான். வெட்கம் அடுத்த நாள்தான் வந்தது. வந்ததிலிருந்து போகவில்லை.

நீ கேட்ட தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எத்தனை முறை கத்தியது, யார் அணைத்தார்கள், எவ்வளவு நேரத்தில், எல்லாம் உன் கட்டங்களிலேயே இருக்கின்றன. உன் கட்டத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது, அதைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பாதிக்குமேல் முழங்கையால்தான் அணைக்கிறார்கள். இரண்டு கையிலும் ஏதாவது இருக்கிறது. கை காலியாகும்வரை அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. எந்த மெஷினையும் முழங்கைக்கென்று யாரும் செய்யவில்லை. முதல் நாள் இதைப் பார்த்தபோது உன்னிடம் சொல்லாமல் என் சொந்த விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, என் நோட்டில் தனியாக எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் உன் தாளோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். ஓரம் பிய்ந்திருக்கும், மன்னித்துக்கொள்.

இந்த வருடம் நீங்களும் மறுபடி விண்ணப்பியுங்கள், பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். விண்ணப்பிக்கிறேன். அறுபது பக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நீ வாங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தால் ஆயுளுக்கும் உன்னைப் பார்த்துப் புகைந்துகொண்டிருப்பேன். கிடைக்காவிட்டால் குட்டியோடு இங்கேயே இருக்கிறேன், நீ முடித்துவிட்டு வா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைத் திட்டி எழுது. போனில் வேண்டாம், போனில் பார்த்தால் நீ சிரித்துவிடுவாய், நானும் தப்பித்துவிடுவேன். பரவாயில்லைங்க என்று முதல் வரியிலேயே எழுதிவிடாதே. அந்த இரண்டு நாளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாயே, அப்போது மனதுக்குள் என்னை என்னென்ன சொன்னாயோ, அதை ஒன்று விடாமல் எழுது. ஒரு வார்த்தையைக்கூட எனக்காக மெதுவாக்காதே. எழுதி முடித்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நட. நன்றாகப் படி. நான் இங்கே உட்கார்ந்து பொறாமைப்படும்படி நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்