சின்னம்மாள் படித்த படிப்புக்கு என் பெயரில் வந்த சான்றிதழ்

அனுப்புநர்:
சு. தாண்டவராயன் (வயது 58),
தலைவர், அலையாத்தி நகர் குடியிருப்போர் நலச்சங்கம்,
சி பிளாக், வீட்டு எண் 4,
கிள்ளை சாலை, சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு பயிற்சி அலுவலர் அவர்கள்,
குடியிருப்போர் சங்க நிர்வாகிகள் பயிற்சிப் பிரிவு,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பொருள்: சங்க நிர்வாகிகளுக்கான மூன்று நாள் பயிற்சியில் ஒரு நிமிடம்கூட உட்காராத எனக்குச் சான்றிதழ் வந்திருப்பது – அதை ரத்து செய்து, பயிற்சியை முடித்த என் மனைவி த. சின்னம்மாள் பெயரில் வழங்கக் கோருவது – தொடர்பாக.

இணைப்பு: மேற்படி சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் யார் மேல் என்று முதலில் சொல்ல வேண்டும் என்கிறார் செந்தமிழ்செல்வன் தம்பி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் மனு எழுதித் தருகிற அவர்தான் இதையும் எழுதுகிறார். புகார் என் மேல்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, தன் மேல தானே குடுக்கறதுக்கு ஃபாரம் கெடையாது" என்றார். வெள்ளைத்தாளிலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

1. எங்கள் நகரில் மூன்று பிளாக், எழுபத்திரண்டு வீடுகள். எல்லாரும் பிச்சாவரம் பக்கத்து மீனவக் குடும்பங்கள். ஆறு வருடத்துக்கு முன்பு வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளில் இருந்து இங்கே வந்தோம். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் நடப்பது எங்களுக்குப் புதிது. முதல் மாதம் மேல் வீட்டில் அம்மி நகர்ந்தால் கீழ் வீட்டில் எழுந்து வெளியே ஓடினோம். சங்கம் வேண்டும், தலைவர் வேண்டும் என்றார்கள். நான் கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலுக்காக என்னைத் தலைவர் ஆக்கினார்கள். வேறு தகுதி எனக்கு இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் கத்துவார்கள், அவர்களைவிட உரக்க நான் கத்துவேன், கூட்டம் முடிந்துவிடும்.

2. 2023 ஜூன் 15, 16, 17 தேதிகளில் சிதம்பரத்தில் பயிற்சி, தலைவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. தேதியைக் கவனியுங்கள் ஐயா. அறுபத்தொரு நாள் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. படகுக்குச் சாயம் அடித்து, ஐஸ் ஏற்றி, மாலை போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவனை 15ஆம் தேதி நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவான்? நான் போகவில்லை. துணைத்தலைவரும் செயலாளரும் என்னோடு அதே படகில் இருந்தார்கள். "யாராச்சும் போனாப் போதும், நீ போய் டிபன் சாப்புட்டுட்டு வா" என்று சின்னம்மாளை அனுப்பினேன். இது என் முதல் குற்றம்.

3. இரண்டாவது குற்றத்தில் எனக்குப் பங்கு குறைவு. சின்னம்மாள் என் பெயரைச் சொல்ல மாட்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பேங்கில் எங்கே கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், அவர் சொல்வார். சிதம்பரம் மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவர் புவனகிரிக்காரர். அவருக்கு நான் யார் என்றே தெரியாது. பயிற்சி கொடுத்த எழிலரசி மேடம் பட்டியலைப் பார்த்து "தாண்டவராயன்" என்று வாசித்தார்கள். சின்னம்மாள் எழுந்து நின்றார்.

"நீங்களா தாண்டவராயன்?"

"இல்லைங்க. அவுங்க வரல. நான் வந்திருக்கேன்."

"எவுங்கம்மா?"

"இப்ப நீங்க சொன்னீங்களே, அவுங்க."

மண்டபமே சிரித்ததாம். மேடமும் சிரித்துக்கொண்டே வருகைக் குறி போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அதே பட்டியல்படி சான்றிதழ் அச்சாகி வந்தது. பெயர் தவறாக இருந்தால் மேசைக்கு வந்து சொல்லுங்கள் என்று அறிவித்தார்கள். சின்னம்மாளும் வரிசையில் நின்றார். அங்கே இருந்தவர், "என்ன பேரு தப்பா இருக்கு, வாசிங்கம்மா" என்றார். சின்னம்மாள் எட்டாவது வரை படித்தவர், வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தப் பெயரை எப்படி வாசிப்பார்? சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஆகவே தங்கள் அலுவலகத்தின் மேல் ஒரு குறையும் இல்லை.

4. நான் கடலில் இருந்து திரும்பி வந்தபோது மோட்டார் ரூம் கதவில் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தது. என்ன என்று சின்னம்மாளைக் கேட்டேன். "அஜெண்டா" என்றார். மீன் பெயர் என்று நினைத்தேன். கூட்டத்தில் எதைப் பேசப் போகிறோம் என்று முன்னாலேயே எழுதி வைப்பதாம். அதில் இல்லாததை அன்றைக்குப் பேசக் கூடாதாம். முதல் வரியை எங்கள் பிளாக் கீழ்வீட்டுக் கயல்விழி எனக்கு வாசித்துக் காட்டியது: "1. சி பிளாக் 4ஆம் நம்பர் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் ஈரவலை காயப்போடுவது." அங்கேயும் பெயர் எழுதவில்லை, கவனியுங்கள். என் வலையில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக் கீழே காயும் துணியெல்லாம் கெடுகிறது என்று கயல்விழி ஒரு வருடமாகச் சொல்லிவந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கத்தி அடக்கியிருக்கிறேன். அன்றைக்குக் கத்த வாயைத் திறந்தேன். "தலைவரே, கைய தூக்கிட்டுப் பேசுங்க" என்றார் என் மனைவி. கையைத் தூக்கினால் எனக்குக் கத்த வரவில்லை ஐயா, அது என்னவோ தெரியவில்லை. என் வலைக்கு எதிரான தீர்மானத்தை நானே வாசிக்கச் சொல்லி, நானே நிறைவேற்றி, நானே கைநாட்டு வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இப்போது வலை பின்பக்கத்து வேலியில் காய்கிறது. அங்கே காற்று இன்னும் நல்லது.

5. தண்ணீர் விஷயம் சொல்லாமல் முடித்தால் பாவம். பி பிளாக் மூன்றாம் மாடியில் அமராவதி இருக்கிறார், முழங்கால் வலிக்காரர். வந்த நாளில் இருந்து அவர் குழாயில் தண்ணீர் ஏறியதில்லை. தினமும் கீழே இருந்து எட்டுக் குடம் சுமப்பார். பம்பு சின்னது, பெரியது வாங்க வேண்டும் என்று நாங்கள் நான்கு மனு கொடுத்தோம். பயிற்சியில், மனு எழுதும் முன்னால் குழாய் எந்த வழியில் போகிறது என்று நடந்து பார்த்துப் படம் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். சின்னம்மாள் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் போட்டுக்கொண்டே நடந்தார். பி பிளாக் பின்னால் நண்டு ஓடுகளும் சிப்பிகளும் கொட்டி வைத்த மேட்டில் வந்து நின்றார். தோண்டினால் உள்ளே ஒரு வால்வு, பாதி மூடியபடி. நாங்கள் கொட்டிய மேடுதான். நான்கு பேர் சேர்ந்து திருப்பினோம். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடியில் இருந்து ஒரு சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினோம். அமராவதி குழாயடியில் நின்றுகொண்டிருந்தார், புடவையெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டு. "மூடாதீங்கடி, கொஞ்ச நேரம் ஓடட்டும், பாத்துக்கறேன்" என்றார். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சொல்கிற சின்னம்மாளும் அன்றைக்குக் குழாயடியில் கையை நீட்டி நனைத்துக்கொண்டார்.

6. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத் தேர்தல். எழுபத்திரண்டு வீடும் சின்னம்மாளைத்தான் தலைவராகக் கேட்கிறது. ஆனால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் தலைவர் பதவிக்கு நிற்கக் கூடாது என்று எங்கள் துணைவிதியில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவரே சின்னம்மாள்தான். பயிற்சி முடிந்த மறுமாதமே ஏகமனதாக நிறைவேற்றினார். சான்றிதழ் உள்ள ஒரே ஆள் நான். ஆகவே நான் போட்டியின்றித் தேர்வாகும் ஆபத்தில் இருக்கிறேன்.

தேர்தல் நடத்தும் ராமாமிர்தம் வாத்தியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "பேப்பர்ல யாரு பேரு இருக்கோ அவுங்கதான் மச்சான். வேணும்னா நீ தலைவரா இரு, தங்கச்சி வேலையப் பாக்கட்டும். ரெண்டு வருஷமா அதானே நடக்குது" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டில் சொன்னேன். சின்னம்மாள் கோபப்படவில்லை. மீனை அறுத்துக்கொண்டே சொன்னார்: "மாமா, உங்க பேர வாயால சொல்லாம முப்பத்தாறு வருஷம் ஓட்டிட்டேன். அது எனக்குப் புடிச்சு செய்யறது. எம் பேரையும் யாரும் சொல்லாமலே ஓட்டணுமா?"

அன்று சாயங்காலமே சுவரில் இருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிவிட்டேன். அடுத்தவர் வலையில் விழுந்த மீன் என் கூடையில் கிடப்பது போல இரண்டு வருடமாக அங்கே தொங்கியிருக்கிறது.

7. எனவே, என் பெயரில் உள்ள சான்றிதழை ரத்து செய்து, அதே தேதியிட்டு என் மனைவி பெயரில் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சாட்சி வேண்டுமானால் எழிலரசி மேடத்தைக் கேளுங்கள், "அவுங்க" என்று சொன்ன அம்மா என்றால் நினைவு வரும். சோதனை வேண்டுமானால் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். கோரம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் முழிப்பேன். அவர் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டம் நடத்த ஆள் போதுமா என்று பதில் சொல்வார்.

தயவுசெய்து 14ஆம் தேதிக்குள் முடித்துத் தாருங்கள். 15ஆம் தேதி நான் கடலுக்குப் போய்விடுவேன். நான் இல்லாவிட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. சான்றிதழ் வாங்க சின்னம்மாள் தங்கள் மேசைக்கு வருவார். பெயர் என்ன என்று கேளுங்கள், அடுத்த அறை வரை கேட்கும்படி சொல்வார். கணவர் பெயர் என்ற இடம் வரும்போது மட்டும் அவரைக் கேட்க வேண்டாம். நான் பக்கத்தில் நிற்பேன். அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் பயிற்சிக்கு வராமலே அதன் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
சு. தாண்டவராயன்

இடம்: மஞ்சக்குப்பம், கடலூர்
நாள்: 09.06.2025