"எங்கிட்ட கேட்டாரா?"

அக்கா,

இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கடலூர் முகாமில் உங்கள் எதிரே போய் நின்றுவிட்டேன்.

சுனாமி வந்து ஒன்பதாம் நாள். எங்கள் சபையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்திருந்தோம். பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு பெண்பிள்ளைகளையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் பக்கத்தில் மண்டியிட்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்: "கடவுள் உங்க பிள்ளைங்கள தன்கிட்ட கூப்பிட்டுக்கிட்டாருக்கா."

"எங்கிட்ட கேட்டாரா?" என்றீர்கள். குரல்கூட உயரவில்லை.

மறுநாள் வேதப்புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் நானும் முகாமின் பொதுச் சமையலுக்கு வெங்காயம் உரித்தோம். அடுத்த பல வாரங்களும் அப்படியே. கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்தான். நீங்கள் அழவில்லை.

மூன்று வருஷம் எந்தக் கோயில் படியும் நீங்கள் ஏறவில்லை. பிறகு ஒருநாள் நீங்களாகவே, "தில்லைக் காளிகிட்ட போவணும், நீயும் வா" என்றீர்கள். பஸ்ஸில் திடீரென்று கேட்டீர்கள்: "உங்க சாமியும் புள்ளையப் பறிகொடுத்தவருதான? அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட ஜனங்க என்னா சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் சொன்னதா எழுதலக்கா. சிலுவைகிட்ட கூட நின்னாங்க."

"நல்ல ஜனங்க."

சன்னதியில் நீங்கள் கும்பிடவில்லை. காளியை வாய்க்கு வந்தபடி திட்டினீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப்போனார்கள். எனக்கும் போகத்தான் தோன்றியது, நின்றேன். வெளியே டீக்கடையில், முதன்முறையாகப் பிள்ளைகளின் பேரைச் சொன்னீர்கள். பெரியவள் செல்வி, சின்னவள் மஞ்சு. மஞ்சுவுக்கு டீயில் பாலேடு மிதந்தால் பிடிக்காதாம்.

போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்மூடினீர்கள். "அக்கா புள்ளைங்ககிட்ட போயிட்டாங்க" என்றார் உங்கள் தம்பி. தலையாட்டினேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. அவர் சொன்னது உண்மையா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்று வார்டில் ஒரு தாயைப் பார்க்கச் சபையிலிருந்து என்னை அனுப்பினார்கள். கரும்பு லாரி மோதி மகள் போய்விட்டாள்; இவருக்குக் காலில் கட்டு. "இதுவும் சாமி செயல்தானா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன். பிறகு, மகளின் பேர் என்ன என்று கேட்டேன். சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.