அவன் உருக்கிய ஈயம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை. பாப்பாவின் அங்கன்வாடி கவுனை ஈரத்தோடே மடித்து வைத்தேன்.

மதுரை டாக்டர் போன். பாப்பாவின் ரத்தத்தில் ஈயம். கொஞ்சநஞ்சமல்ல, நிறைய. "வீட்டுப் பக்கத்துல பேட்டரி வேலை ஏதாச்சும் நடக்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்காமல் நோட்டை எடுத்தேன்.

அவர் சொல்லச் சொல்லக் குறித்தது:
- சின்னப் பிள்ளை உடம்பு பெரியவர்களைவிட அதிகம் இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும்.
- மூளைக்குப் போகும். ஞாபகம், பேச்சு, கவனம், அந்த மூர்க்கக் கோபம். எல்லாம் இதனால் இருக்கலாம்.
- இரும்பு டானிக், பால், முட்டை, கீரை. வெறும் வயிற்றோடு விடக் கூடாது.
- முதல் வேலை, அந்த இடத்தை விட்டுப் பிள்ளையை நகர்த்துவது.
- போன புத்தி திரும்புமா? "அதை இப்ப சொல்ல முடியாதும்மா. இனிமே போகாமப் பாத்துக்கலாம்."

போன வருஷ ஆடியில் பாப்பா ஏழு கிழமையும் ஒரே மூச்சில் சொல்வாள். இப்போது புதனோடு நிற்கிறாள். நின்று என் முகத்தைப் பார்க்கிறாள், அடுத்த கிழமை அங்கே எழுதியிருப்பது போல. வயிற்று வலி வேறு. கோபம் வந்தால் தன் முடியைத் தானே பிய்க்கிறாள். ஓமத் தண்ணீர், மந்திரித்த கயிறு, வேப்பெண்ணெய் எல்லாம் ஆயிற்று.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். ஈயத்தின் அணு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கொல்லைக் கொட்டகையில் அது உருகுகிறது என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை.

கொட்டகை, இவருடைய அண்ணனுடையது. (இவர் என்றால் என் வீட்டுக்காரர்.) ஜீப்புக்காரர்களிடமும், பன்றிக்கு மின்வேலி போட்ட ஏலத் தோட்டங்களிலும் செத்த பேட்டரிகளை வாங்கி வந்து, உடைத்து, தகடுகளைக் காய்ச்சி, ஈயக் கட்டியாக விற்பவர். காலையில் இந்த வேலை. மத்தியானம் அதே தரையைக் கூட்டிவிட்டு நாங்கள் பெண்கள் உட்கார்ந்து அவர் வியாபாரத்து ஏலக்காயைத் தரம் பிரிப்போம். பிள்ளைகள் அங்கேயே தவழும், தூங்கும், சிந்திய முறுக்கைப் பொறுக்கித் தின்னும். கூட்டிவிட்டால் சுத்தம் என்று இருந்துவிட்டோம்.

நேரில் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். இந்த நோட்டில் இனிமேல் அவன்.

நவ. 4, செவ்வாய்

பால்காரர் வரவில்லை. பாக்கெட் பால். பாப்பா பாதியைக் கீழே கொட்டினாள்.

இவரிடம் சொன்னேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்து ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட நான் எப்படிடி கேக்க?"

"வாயாலதான்."

"வெரசா பேசி முடிக்கிற சோலியா இது? கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். பாப்பா மூளை பொறுக்குமா?"

கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

பங்குனியில் குலதெய்வம் கோயிலில் பாப்பாவுக்கு முடி எடுத்த அன்று, பந்தியில் அவன் சொன்னது: "எங்க வகையறாவுல மக்குப் பிள்ளையே கெடையாதப்பா. இது சிலமலைக்காரி கொண்டாந்த சீதனம்." (சிலமலை நான் பிறந்த ஊர்.) பந்தி முழுக்கச் சிரிப்பு. இவரும் பாதி சிரித்தார். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

என் சீதனம் என்றானே. என் பிள்ளை ரத்தத்தில் இருப்பது அவன் ஈயம்.

நவ. 6, வியாழன்

நானே கேட்டுவிட்டேன். கொட்டகை வாசலில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கை கழுவவில்லை, நகக்கண் எல்லாம் கருப்பு.

"மாமா, பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்காம். காய்ச்சுற வேலைய ஊருக்கு வெளிய வச்சுக்கங்க."

"ஈயமா? அட ஆத்தா! எங்கம்மா ஈயச் செம்புலதான் ரசம் வச்சா. அதக் குடிச்சு வளந்தவய்ங்கதான் நானும் உன் புருசனும். மக்காவா போயிட்டோம்?"

"அது வெள்ளீயம், மாமா. இது காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம்."

"கேட்டியா, காலேஜு பேசுது!" பேட்டரி இறக்க வந்த ஜீப்புக்காரரைப் பார்த்துச் சொன்னான். "இம்புட்டுப் படிச்சவ பெத்த பிள்ளைக்குப் புதன்கெழமைக்கு அங்கிட்டு வழி தெரியல."

ஜீப்புக்காரர் சிரிக்கவில்லை. அவர் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்.

அவனுக்கும் இப்போது சாவி வைத்த இடம் மறக்கிறது. டீ கிளாஸ் கையில் ஆடுகிறது. காரணமில்லாமல் ஆட்களை அடிக்கப் பாய்கிறான். அதுவும் ஈயம்தானோ என்று ஒரு யோசனை. இரக்கம் எட்டிப் பார்த்தது. உள்ளே விடவில்லை.

என்ன செய்யலாம்:
1. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனு. பேர் போட்டே.
2. ஏலக்காய்க் கடைத்தெருவில் ஒரே ஒரு வார்த்தை. "எங்க காய் ஈயத் தரையில பிரிச்சது." அப்புறம் அவன் காயை எவனும் மோந்துகூடப் பார்க்க மாட்டான்.
3. சிலமலையிலிருந்து எங்கண்ணனை வரச் சொல்வது. அண்ணன் பேச மாட்டான். பேசாமல் செய்வான்.

முதலாவதுக்கு நாளாகும். இரண்டாவதில் காய் பிரிக்கிற பொம்பளைகள் பிழைப்பும் போகும். மூன்றாவதில் அண்ணன் உள்ளே போவான். எதிலும் அவனுக்கு நோக வேண்டிய இடத்தில் நோகாது.

நவ. 9, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. முட்டைக் குழம்பு. பாப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சந்தோஷம்.

செல்வி அக்கா முழுகாமல் இருக்கிறாள். அவன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் விளக்குப் போடாத கோயில் கிடையாது. தெரு முழுக்க லட்டுக் கொடுத்தான். எனக்கும் நீட்டினான்.

"எடுத்துக்க ஆத்தா. எங்க ரத்தம் எப்படிப் படிக்குதுன்னு பாக்கத்தான போற."

எடுத்துக்கொண்டேன். சாக்கடையில் போட்டேன்.

பாப்பாவை இப்போது கொட்டகைப் பக்கமே விடுவதில்லை. மத்தியானம் என் சல்லடையை எடுத்துவர நான் மட்டும் போனேன். வாசலில் நிற்கும்போது பார்த்தேன். அக்கா காய் பிரித்துக்கொண்டே கையைப் பின்னால் விட்டு, மண்சுவரில் ஒரு பெயர்ப்புப் பெயர்த்து வாயில் போட்டாள். மசக்கைக்கு மண் கேட்கிறதாம். கொஞ்ச நாளாகவே தின்கிறாளாம். பெண்கள் ஒரே கேலி.

"சுவத்தத் தின்னே கொட்டகையச் சாச்சுப்புடுவா போலருக்கே!"

"மண்ணு கேட்டா ஆம்பளப் பிள்ளதான்டி."

"போங்கடி. லேசா இனிக்குது, தெரியுமா" என்றாள் அக்கா.

இனிக்கும். ஈயம் இனிக்கும். வருடக் கணக்காகப் புகை குடித்த சுவர் அது.

நான் வாயைத் திறக்கவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

4. சும்மா இருப்பது.

நவ. 11, செவ்வாய்

போனில் தேடிப் படித்தேன். தாய் உடம்பில் ஏறியது வயிற்றுப் பிள்ளைக்கும் இறங்கும். மறுபடி படித்தேன். முதல் தடவை பயமாக இருந்தது. மறுதடவை இல்லை.

அவன் பிள்ளையும் புதன்கிழமையில் நிற்கும். நின்று அவன் முகத்தைப் பார்க்கும். பந்தியில் எவனாவது ஒருவன் சொல்லுவான், வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் பாயசம் ஊற்றுவேன். அவனுக்கு ஒரு கரண்டி கூடவே.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் பாப்பா கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் அடிக்கிறதா என்று. இல்லை.

அக்காவை மட்டும் நினைக்கக் கூடாது. பாப்பா பிறந்து நான் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தபோது பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவள். அந்தப் பந்தியில் சிரிக்காதவள். சரி, நினைக்கவில்லை.

இவர் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நானும் பாப்பாவும் சிலமலைக்கு, எங்கம்மா வீட்டுக்கு. இவர் பின்னால் வருவார்.

"அண்ணன்கிட்ட என்னன்னு சொல்ல?"

"எங்கம்மாவுக்கு முடியலன்னு சொல்லுங்க."

உடனே தலையாட்டினார். பொய் சொல்ல இவருக்குச் சிரமமே இல்லை.

நவ. 12, புதன்

அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "போன வருசம் எனக்கே கதை சொல்லுமேம்மா" என்றாள். உடனே வேறொரு பிள்ளையைத் தூக்கப் போய்விட்டாள். நல்லவேளை.

எடுத்துப் போக: டானிக், ரத்தச் சோதனைத் தாள், தனியாக ஊறவைத்து அலசிய துணி. பழைய பாய் வேண்டாம். கொட்டகையில் கிடந்த பொம்மைகள் வேண்டவே வேண்டாம். பாப்பா கரடிக்காக அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், கரடிக்குத்தான்.

அக்கா இன்றும் சுவரருகில். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

நவ. 14, வெள்ளி

வெயில். மலை கழுவி வைத்தது போல இருந்தது.

பையோடு கிளம்பி நிற்கும்போது அக்கா வந்தாள். பாப்பாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏ குட்டி, சிலமலைக்குப் போயி பெரியம்மாவ மறந்துருவியா? எங்க, கெழம சொல்லு பாப்போம்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். பாப்பா நின்றாள். அக்கா காத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, உச்சுக்கொட்டவில்லை, சும்மா காத்திருந்தாள். பாப்பாவுக்காக யாரும் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நான்கூட இருந்ததில்லை. பாப்பா உதட்டைக் கடித்து "வி..." என்றாள். "ஆங், அதேதான், வரட்டும்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு சுவர் மண்ணை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

கையைத் தட்டிவிட்டேன். மண் பாப்பா கவுனெல்லாம் சிதறியது.

"அடியே கவிதா! என்னாச்சு ஒனக்கு?"

சொன்னேன். ரத்தம், டாக்டர், சுவர், வயிற்றுப் பிள்ளை, அவன் சொன்ன ஈயச் செம்பு. மூச்சு விடாமல் எல்லாம்.

அக்கா அழவில்லை. குழாயடிக்குப் போய் விரலை விட்டு வாயை வழித்துத் துப்பினாள். கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நேரே கொட்டகைக்கு. பாப்பாவை இவரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அவன் சுத்தியலோடு குந்தியிருந்தான். பக்கத்தில் ஆட்கள்.

அக்கா சுவரைப் பெயர்த்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"தின்னுங்க."

"என்னடி வெளாட்டு?"

"ஈயச் செம்பு ரசம் குடிச்ச ஒடம்புல்ல? ஒண்ணும் ஆகாதுல்ல? நான் தெனமும் தின்னேன். நீங்களும் தின்னுங்க."

அவன் மண்ணைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். கை எழவில்லை. வீம்புக்குத் தேளையும் பிடிக்கிறவன்.

"வீட்டுக்குப் போ. ஆளுக பாக்குறாய்ங்க" என்றான்.

"தெரிஞ்சுதான் காய்ச்சினீங்களா?"

சுத்தியலைக் கீழே வைத்தான். அவன் முகம். இத்தனை நாள் நான் ஆசைப்பட்ட முகம். எங்கே நோக வேண்டுமோ சரியாக அங்கே. நின்று பார்த்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. பொய் எழுத மாட்டேன், குளிர்ந்தது.

அக்கா திரும்பினாள். என்னிடமும் அதே குரல்தான்.

"ஞாயித்துக்கெழம நான் மண்ணு திங்கைல நீ வாசல்லதான நின்ன. அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

உள்ளங்கையை அப்படியே என் பக்கம் நீட்டினாள்.