குதிர் இல்லாத வீட்டிலிருந்து

பொன்னமராவதி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சிவபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அருணாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். ஆபரேஷன் செய்த வலது கண் தெளிந்துவிட்டது, இந்தக் கடிதத்தில் வரிகள் நேராகப் போவதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நீயும் அந்தக் குளிரில் உடம்பைக் கவனித்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். நான் உன் மனைவியைக் குதிருக்குள் போட்டு அடைக்கவில்லை. நெல் கொட்டி வைத்த குதிரெல்லாம் உன் தாத்தாவோடு போயிற்று, இப்போது அரிசிக்கு இருப்பது ஒரு பிளாஸ்டிக் டிரம், அதற்குள் அருணாவின் ஒரு கால்கூட நுழையாது. கஞ்சி ஊற்றாமல் பட்டினி போடவும் இல்லை. அவள் விசாவுக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தோற்று என்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று நான் நினைத்ததாக உன் அக்கா ரம்யா திருச்சியிலிருந்து உனக்குப் போன் போட்டுச் சொன்னாளாமே, அதுவும் கிடையாது. நான் இதைப் போனில் எடுத்தபோது நீ பரவாயில்லம்மா, விடுங்க என்றாய். விடுகிற விஷயமில்லை என்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

அருணா தேறிவிட்டாள் என்று அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். எப்படித் தேறினாள் என்பதைப் பாதிதான் சொல்லியிருப்பாள். முதல் தடவை தேர்வுக்குப் போகும் முன் நான் தினமும் காலையில் அகராதியிலிருந்து சொற்களை எழுதிக் கொடுத்து, மாலையில் ஒப்பிக்கச் சொன்னேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த முறையில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் கடகடவென்று ஒப்பித்தவள் சென்னையில் தேர்வு நடத்தியவர் முன்னால் உட்கார்ந்ததும் தன் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போனாள். திரும்பி வந்த பஸ்ஸில் விராலிமலை தாண்டும்வரை அழுதிருக்கிறாள். அடுத்த தடவையும் இப்படி ஆனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுவேன் என்று நீ சொன்னாய். உன் அப்பா இருந்த காலத்திலேயே நீ ஆசைப்பட்ட வேலை அது. அதை விடச் செய்தவள் என்கிற பேரோடு அந்தப் பெண் எப்படி உன் முகத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்துவாள் என்றுதான் எனக்குக் கவலை. ஊரார் என்னைப் பற்றிச் சொன்னது எங்கே, நான் கவலைப்பட்டது எங்கே என்று நீயே பார்த்துக்கொள்.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. சில வாரத்துக்குப் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அருணா நூலகத்துக்குப் போய் எனக்கு வாசித்துக் காட்ட ஏதோ எடுத்து வந்தாள். பார்த்தால், அதாவது அவள் சொல்லக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதின நம் ஊர் நாட்டுப்புறக் கதைகள். நரியும் பூதமும் பொல்லாத மாமியாரும். பி.காம் படித்த பெண்ணுக்கு நரிக் கதையா என்று கேட்டேன். அவள், இந்தக் கதையெல்லாம் எங்கம்மா சொல்லி நான் கேட்டது அத்தை, கதை தெரியும், இங்கிலீஷ்தான் தெரியாது, அதனால பயமில்லை என்றாள். எனக்கு அது நியாயமாகப்பட்டது. ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பிறந்த கட்டுமாவடிப் பக்கம் அவள் அம்மா கதை சொல்லும்போது கேட்பவர்கள் ம் கொட்ட வேண்டுமாம், ம் நின்றால் கதையும் நின்றுவிடுமாம். நீங்களும் ம் கொட்டணும் அத்தை, வேற எதுவும் பேசக் கூடாது, பேசினா நரி அங்கனயே நின்னுரும் என்றாள். புத்தகம் அவள் கையில், என் கண்ணோ மூடிக் கிடக்கிறது, வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டேன்.

முதலில் கதையை அவள் அம்மா சொன்ன மாதிரியே தமிழில் சொல்வாள், பிறகு அதையே ஆங்கிலத்தில் வாசிப்பாள். தெரியாத சொல் வந்தால் நிற்க மாட்டாள். அந்த இடத்தில் நரி என்ன செய்தது என்று அவளுக்குத்தான் தெரியுமே, அதனால் பதுங்கிப் போவதற்கு அதுதான் சொல், ஏமாற்றுவதற்கு இதுதான் சொல் என்று தானே பிடித்துக்கொண்டாள். அகராதியைத் தொடவே இல்லை. இரக்கமில்லாதவளுக்கு குரூயல், பேராசைக்காரிக்கு கிரீடி, கஞ்சப் பிசினாறிக்கு ஸ்டின்ஜி. மாமியாரைப் பற்றிப் பேசத் தேவையான அத்தனை ஆங்கிலச் சொல்லும் முதல் வாரத்திலேயே அவளுக்கு வந்துவிட்டது, மறக்கவும் இல்லை. உச்சரிப்பில் தப்பு வந்தால் என் நாக்குத் துடிக்கும். ஆனால் கொடுத்த வாக்கு, ம் மட்டும்தான். சில நாளில் என் ம்-மை வைத்தே அவள் கண்டுகொண்டாள். குட்டையாக ம் என்றால் சரி, இழுத்துச் சொன்னால் ஏதோ கோளாறு. தானே திரும்பிப் போய் அந்த வரியை இன்னொரு முறை வாசிப்பாள். உன் அப்பா இருந்திருந்தால், சௌந்தரம் வாயைக் கட்டுவதற்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்று சிரித்திருப்பார்.

இப்போது குதிர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஒரு கதை. மருமகள் பிறந்த வீட்டுத் திருவிழாவுக்குப் போக ஆசைப்படுகிறாள், மாமியார் அவளைக் குதிருக்குள் தள்ளி மூடிவிடுகிறாள். மருமகள் உள்ளே இருந்துகொண்டு செத்துப்போன மாமனாரின் குரலில் பேசி மிரட்ட, மாமியார் அலறியடித்துக்கொண்டு மூடியைத் திறந்துவிடுகிறாள். இந்தக் கதையைத் தமிழில் சொல்லும்போது அருணா உருகிவிட்டாள். ஐயோ எம் மாமியா என்னைக் குதிருக்குள்ள போட்டு அடைச்சுட்டாளே, ஒரு வாய்க் கஞ்சி ஊத்தலையே என்று நிஜமாகவே அழுகிற குரலில் ராகம் போட்டாள். நான் வாக்குத் தவறாமல் ம் என்றேன். கதவைத் திறங்க, மூச்சு முட்டுது என்றாள். நான் ம் என்றேன். பக்கத்து வீட்டு முனியாயி அந்தப் பக்கம் சுவரோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இரண்டையும் கேட்டிருக்கிறாள். கதையின் மிச்சத்தைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை, நேரே போய்த் தெருவில் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் கொல்லைப் பக்கமாக வந்து அருணாவைக் கூப்பிட்டு ஒரு தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்து, சத்தம் போடாம தின்னுரு தாயி, அந்தக் கான்வென்ட்டம்மா கண்ணுல பட்டுறாம என்றாளாம். அருணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கருவாட்டுக் குழம்பை அவள் என்றைக்கு வேண்டாம் என்றிருக்கிறாள். என்னிடமும் வந்து சொல்லி எனக்கும் பாதி வைத்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, புளி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அதற்குள் சேதி திருச்சிக்குப் போய்விட்டது. ரம்யா போனில், ஏம்மா, அந்தப் பிள்ளை தேர்வு எழுதித் தம்பிகிட்டப் போயிருமேன்னா இப்படிப் பண்றே என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பெற்ற மகள், அதற்கு முன்பே ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் முனியாயியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அருணாவை அதே கதையை முழுக்கச் சொல்லச் சொன்னேன். மாமனார் குரல் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அடியாத்தி, புள்ளை அப்படிக் கதறுது, நீங்க பாட்டுக்கு ம், ம்-ன்னுக்கிட்டு இருந்தீங்களா, இது நெஞ்சா கருங்கல்லான்னுல்ல நெனச்சேன் என்றாள். பிறகு அவளே ரம்யாவுக்கும் போன் போட்டுச் சொன்னாள். இப்போது தினமும் வந்து உட்கார்ந்து எனக்கும் சேர்த்து உரக்க ம் கொட்டுகிறாள், ஆங்கிலத்துக்கும் கொட்டுகிறாள்.

இரண்டாம் தடவைத் தேர்வன்று நான் சாப்பிடவில்லை. மனது ஓடவில்லை, வேறொன்றுமில்லை. அருணா சாயங்காலம்தான் சென்னையிலிருந்து போனில் பேசினாள். தேர்வு நடத்திய அம்மாள், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டாராம். மாமியாருக்குக் கதை வாசிப்பேன் என்று இவள் சொல்ல, ஒன்றைச் சொல்லேன் என்றாராம். இவள் குதிர்க் கதையையே எடுத்திருக்கிறாள். குதிருக்கு ஆங்கிலத்தில் என்ன என்று வாயில் வரவில்லை. முன்னே என்றால் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள். இந்தத் தடவை, நெல் போட்டு வைக்கிற ரொம்பப் பெரிய பானை, மாமியாரை விட உயரம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறாள். நான் கேட்டபோது எனக்கும் அந்த இடத்தில் அதைவிட நல்ல சொல் வரவில்லை. பயமாக இல்லையா என்றேன். முதல்ல இருந்துச்சு அத்தை, அப்புறம் அந்த அம்மாவும் ம் கொட்டினாங்க, உங்களைப் போலவே குட்டையா, அதோட பயம் போயிருச்சு என்றாள். நான் போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு, உன் அப்பா படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் ஒரு வாய் சாப்பிட்டேன். நேற்று தேறிய சான்றிதழும் வந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் விடியும்வரை தூங்கினேன்.

இனி விசா வேலையெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். அவள் வந்து சேர்ந்ததும் சிலதைக் கவனி. இரண்டாம் முறை சோறு வேண்டும் என்று அவள் வாய் விட்டுக் கேட்க மாட்டாள், நீயாகப் பார்த்து வை. காதில் குளிர் பட்டால் அவளுக்குத் தலைவலி வரும், கம்பளிக் குல்லாய் வாங்கி வை. கடையிலோ அக்கம்பக்கத்திலோ அவள் ஆங்கிலம் பேசும்போது குறுக்கே புகுந்து திருத்தாதே. உனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ம் கொட்டு, போதும். போனில் எதையோ பார்த்துக்கொண்டே என்னிடம் சொல்கிறாயே அந்த ம் இல்லை, கதை கேட்கிற ம். அவள் போன பிறகு எனக்கு வாசித்துக் காட்ட யார் என்று நீ யோசிக்க வேண்டாம், என் கண்தான் தெரிகிறதே. முனியாயிக்குத்தான் பொழுது போகாது, அவளுக்கு நான் வாசிக்கலாம் என்று இருக்கிறேன், அவள் ம் கொட்டட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ என் ஆசி எப்போதும் உண்டு. ரம்யாவிடம் கோபமாகப் பேசாதே, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுக்காதே. உன் கையால் தாளில் எழுதி, தபாலில் பதில் போடு.

உன் அம்மா
சௌந்தரம்