பத்தொன்பது சரியாக இருந்தது

செவ்வாய், இரவு

இன்று எங்கள் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் சுனாமி ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிவாசல் மாடிக்கு ஏற்றிவிட்டுத் தலைகளை எண்ணினேன். பத்தொன்பது, சரியாக இருந்தது. பார்க்க வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், பாயில் ஸஹ்லா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"டீச்சர், எல்லாரும் எங்க போன?"

சமையல் செய்யும் ராத்தா பதறிப்போனார்.

"அல்லாஹ்வே! என்னோட வந்த என்ட மகனையும் சேத்தா டீச்சர் எண்ணின நீங்க?"

பெயர்ப்பட்டியல் என் கையில்தான் இருந்தது. மாடியில் வெயிலுக்கு அதைத்தான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் ஸஹ்லாவின் உம்மா வந்து கேட்டார்: "மகள் நல்லா உறங்கினாவா டீச்சர்?"

"ஓம்" என்றேன்.